சட்டை: ரூல்படி

"முடிஞ்சுதா அண்ணே?" என்று கேட்டுக்கொண்டேதான் அன்றைக்குப் போனை எடுத்தேன்.

வெளிவேலை இருக்கும் நாட்களில் எபினேசர் அண்ணனிடமிருந்து எனக்கு இரண்டு அழைப்புகள் வரும். காலை எட்டு மணிக்கு ஒன்று, வானம் எப்படி இருக்கிறது என்று சொல்ல. பதினொன்றே காலுக்கு இன்னொன்று, வேலை முடிந்தது என்று சொல்ல. அன்று இரண்டாவது அழைப்பு கொஞ்சம் முன்னதாகவே வந்தது. சீக்கிரம் முடித்துவிட்டார் என்று எனக்கு ஒரு சந்தோஷம்கூட வந்தது. ஆனால் பேசியது ஒரு பெண்.

"யாரும்மா நீயி? இந்தப் போன வெச்சிகினு இருந்த ஆளு மணல்ல வுழுந்து கெடக்குறாரும்மா. மூச்சு கீது. கூப்ட்டா பேச்சில்ல. ஒடம்பு அடுப்பு மாரி கொதிக்குது. சீக்கிரம் யாரனா வாங்கம்மா."

அவர் பெயர் பச்சையம்மாள் என்று பிறகு தெரிந்தது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே எங்கள் மணல் திடலை ஒட்டியிருக்கும் சவுக்குத் தோப்பில் சருகு கூட்டி அள்ள வந்தவர். தனியாளாக அண்ணனைத் தோப்பு நிழல்வரை இழுத்துப்போய், தான் கொண்டுவந்த குடிதண்ணீரை முழுக்க அவர் தலையில் ஊற்றிவிட்டு, அந்தப் பழைய பட்டன் போனில் கடைசியாகப் பேசிய எண்ணை அழுத்தியிருக்கிறார். அது என் எண். நான் செங்கல்பட்டு அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே இருந்தேன். ஆம்புலன்ஸ் அண்ணனைச் செங்கல்பட்டுக்கே கொண்டுவந்தது. அவருடைய மனைவி சுகிர்தா, பேக்கிங் வேலை பார்க்கும் கம்பெனியிலிருந்து, தலையில் போட்ட வலைத்தொப்பியைக் கழற்ற மறந்து ஓடிவந்தார். சாயங்காலம் நான்கு மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது. வெயில் தாக்கியதில் உடம்பின் சூடு இறங்கவே இல்லை என்று மருத்துவர் சொன்னார். அண்ணனுக்கு ஐம்பத்துமூன்று வயது.

அலுவலகச் செய்தி மடலுக்கு அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். 'அமைதியானவர், கடமை தவறாதவர், அவரது மறைவு ஈடுசெய்ய முடியாத இழப்பு' என்று எழுதிக் கொடுத்தேன். அச்சாகிவிட்டது. அதில் பொய் ஒன்றும் இல்லை, ஆனால் அது எந்த மனிதர் செத்தாலும் ஒட்டக்கூடிய சீட்டு. இது அவரை நிஜமாகவே அறிந்தவர்களுக்காக எழுதுவது. அவர் தெருக்காரர்களுக்கு, சபைக்காரர்களுக்கு, திருக்கழுக்குன்றத்தில் அவர் தினமும் நாஸ்தா சாப்பிட்ட கடைக்காரருக்கு, எங்கள் அலுவலகத்தில் அவரை 'முட்டைக்காரர்' என்று கூப்பிட்ட எல்லாருக்கும்.

அவர் பார்த்த வேலை என்னவென்று அவர் வீட்டிலேயே முழுதாகத் தெரியாது என்று நினைக்கிறேன். அதனால் சொல்லிவிடுகிறேன். நிலத்தின்மேல் விழும் வெயிலில் ஒரு பங்கு திரும்ப வானத்துக்கே போய்விடும். வெளுத்த மணல் நிறையத் திருப்பி அனுப்பும். சவுக்குத் தோப்பு பெரும்பாலும் விழுங்கிவிடும். நாற்று நட்ட வயல் ஒரு மாதிரி, அறுத்துப்போட்ட தாள் வேறு மாதிரி, முள்காடு இன்னொரு மாதிரி. எந்த நிலம் எவ்வளவு விழுங்குகிறதோ அந்த அளவுக்கு அங்கே சூடு. தோப்பை வெட்டி மனை போட்டால் என்ன ஆகும், ஏரிப்பக்கம் கட்டடம் வந்தால் என்ன ஆகும் என்பதையெல்லாம் இதை வைத்துத்தான் கணக்கிட முடியும். செயற்கைக்கோள் மேலேயிருந்து இதை அளந்துகொண்டே போகிறது. அது சொல்லும் எண் சரியா என்று பார்க்க, அது தலைக்குமேல் போகும் அதே நேரத்தில் கீழே ஒரு மனிதர் நின்று அதே வெளிச்சத்தை அளக்க வேண்டும். பதினோரு வருஷமாக அந்த மனிதர் எபினேசர் அண்ணன்.

வேடந்தாங்கல் ஏரியை ஒட்டிய வயல், திருக்கழுக்குன்றத்துக்கு அப்பால் ஒரு முள்காடு, கடலோரச் சவுக்குத் தோப்பின் விளிம்பு, அதற்குப் பக்கத்தில் மணல் திடல். இந்த நான்குதான் எங்கள் இடங்கள். மூன்று காலில் நிற்கும் கம்பம், அதிலிருந்து பக்கவாட்டில் நீளும் ஒரு கை, கையின் நுனியில் மேல்நோக்கி ஒரு கண்ணாடிக் குமிழ், கீழ்நோக்கி ஒன்று. மேலே இருப்பது வரும் வெயிலை எண்ணும், கீழே இருப்பது திரும்பும் வெயிலை எண்ணும். மேல்முட்டை, கீழ்முட்டை என்று அவற்றுக்குப் பெயர் வைத்தவர் அண்ணன்தான். வெளியூரிலிருந்து வரும் பெரிய விஞ்ஞானிகள் முன்னாலும் நாங்கள் இப்போது முட்டை என்றுதான் சொல்கிறோம்.

அவர் அப்பாவும் தாத்தாவும் திருக்கழுக்குன்றம் பக்கத்து ஊரொன்றில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு இறங்கியவர்கள். அண்ணன் ஐடிஐ படித்து வயர்மேன் ஆனார். எங்கள் முதல் கம்பத்துக்கு மின் இணைப்பு கொடுக்க ஒருநாள் வேலைக்கு வந்தவர், அன்று மாலையே கம்பம் கொஞ்சம் சாய்ந்திருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னார். நான் அதை மூன்று நாளாகக் கவனிக்கவில்லை. ஒப்பந்த ஊழியராக எடுத்துக்கொண்டோம். கடைசிவரை ஒப்பந்த ஊழியராகவே வைத்திருந்தோம்.

ஒருமுறை கல்பாக்கம் போகும் சாலையில் போலீஸ்காரர் ஒருவர் அவரை மடக்கியிருக்கிறார். அணுமின் நிலையம் இருக்கும் ஊர்ப்பக்கம், முதுகில் விசித்திரமான கம்பத்தோடு ஒரு ஆள் பைக்கில் போனால் யார்தான் மடக்க மாட்டார்கள்? அண்ணன் பதறவில்லை. அவர் சொன்ன விளக்கத்தை அடுத்தநாள் எனக்கு அப்படியே நடித்துக் காட்டினார்.

"சார், நீங்க வெறுங்கால்ல தார் ரோட்டு மேல நில்லுங்க. அப்பால சுண்ணாம்பு அடிச்ச மொட்டமாடில நில்லுங்க. ரெண்டும் ஒரே வெயிலுதான். ஆனா ஒண்ணுல காலு பொத்துப்பூடும், ஒண்ணுல பொத்தாது. நம்ம பூமில எந்த எடம் தார் ரோடு, எந்த எடம் சுண்ணாம்புன்னு பாக்குறதுதான் சார் என் வேலை."

நான் பத்து வருஷம் படித்து வாங்கிய பட்டம் அந்த நான்கு வரியில் அடங்கிவிட்டது. போலீஸ்காரருக்கும் புரிந்துவிட்டது. விட்டுவிட்டார். விடும்போது ஒரு கேள்வி மட்டும் கேட்டாராம்.

"இவ்ளோ தெரிஞ்சிகினு நீ ஏன்யா உச்சி வெயில்ல கருப்புச் சட்ட போட்டுகினு சுத்துற?"

அண்ணன் இதைச் சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன்.

கருப்புச் சட்டை எங்கள் வேலையின் விதி. அளக்கிறவர் வெளிர் நிறத்தில் உடுத்தினால், அவர் சட்டையில் பட்ட வெளிச்சம் தெறித்துக் கீழ்முட்டைக்குள் போகலாம், அளவு கூடிவிடலாம். அதனால் கருநிற முழுக்கைச் சட்டை, கருநிற பேன்ட். குடையும் கூடாது, அது வானத்தை மறைக்கும். சுற்றிலும் நிழல் விழாத திறந்தவெளியில்தான் நிற்க வேண்டும். மேகம் இருக்கும் நாளில் செயற்கைக்கோளுக்குத் தரை தெரியாது என்பதால் மேகமே இல்லாத நாளில்தான் போக வேண்டும். இந்த வேலை பார்ப்பவர்கள் பல ஊர்களில் பின்பற்றும் வழக்கம் இது. எங்கள் நிறுவனத்தில் இதைக் கையேடாக எழுதி, கீழே கையெழுத்துப் போட்டவள் நான். வருஷத்துக்கு இரண்டு கருப்புச் சட்டைகளும் நாங்களே தைத்துக் கொடுத்தோம்.

அந்தச் சட்டையால் அவர் பட்ட கேலிக்கு அளவில்லை. திருக்கழுக்குன்றத்து நாஸ்தா கடையில் சித்திரை மாசத்தில் ஒருவர், "இன்னா சாமி, இப்ப எந்த மலைக்கு?" என்று கேட்டார். இன்னொரு இடத்தில் கட்சிக் கூட்டத்துக்கு வந்தவர் என்று நினைத்து வண்டியில் ஏறச் சொன்னார்கள். அண்ணன் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவர். "மலையும் இல்ல, கட்சியும் இல்ல அண்ணாத்த, சேட்டிலைட்டுக்கு வேண்டிகினு கீறேன்" என்று பதில் சொல்வார். ஆனால் அவருக்குக் கருப்பு பிடிக்காது. பைக்குள் இஸ்திரி போட்ட ஒரு வெள்ளைச் சட்டை எப்போதும் இருக்கும். அளவெடுத்து முடித்ததும் மாற்றிக்கொண்டுதான் டீக்கடைக்குள் கால் வைப்பார். கருப்புச் சட்டையோடு அவரை வீட்டில் பார்த்தவர்கள் யாரும் கிடையாது.

வேடந்தாங்கல் கதையையும் சொல்லியாக வேண்டும். அங்கே மட்டும் கம்பத்தை வயல் வரப்பில் நிரந்தரமாக நட்டிருந்தோம். ஒரு பனிக்காலத்தில் அங்கிருந்து வந்த எண்கள் விசித்திரமாக இருந்தன. வயல் திடீரென்று வெளுத்துவிட்டது போலக் கணக்கு காட்டியது. நான் இரண்டு நாள் உட்கார்ந்து ஈரம், பனித்துளி, பயிரின் வயது என்று ஒரு பெரிய காரணமே கண்டுபிடித்துவிட்டேன். மூன்றாம் நாள் அண்ணன் அங்கே போய்விட்டுப் போன் செய்தார்.

"மேடம், மேல்முட்டைல நாரை எச்சம் போட்டுக்கீது. நல்லா கெட்டியா கீது. தொடச்சிட்டேன்."

மேலே வரும் வெயில் மறைந்ததால் கணக்கு தப்பாகிவிட்டது, அவ்வளவுதான். என் பெரிய காரணத்தைக் கிழித்துப் போட்டேன். அவர் அத்தோடு விடவில்லை. எச்சம் என்றைக்கு விழுந்திருக்கலாம், எவ்வளவு காய்ந்திருந்தது, துடைப்பதற்கு முன் என்ன எண், பின் என்ன எண் என்று எல்லாவற்றையும் தன் தடித்த நோட்டில் எழுதியிருந்தார். "எய்தலைன்னா அது நடக்கல மேடம்" என்பார். அந்த நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, இடம், வானம், காற்று, சட்டை, குறிப்பு என்று கட்டங்கள் உண்டு. சட்டை என்ற கட்டத்தைப் போட்டதும் நான்தான், விதி கடைப்பிடிக்கப்படுகிறதா என்று பார்க்க. அதில் அவர் நிறத்தை எழுத மாட்டார். 'ரூல்படி' என்று எழுதுவார். பதினோரு வருஷப் பக்கங்களிலும் அதே சொல், அதே சாய்ந்த கையெழுத்து.

ஒரேயொரு பக்கத்தில் மட்டும் வேறு மாதிரி இருக்கும். அந்தப் பக்கத்துக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் அவரை என் கணினிக்கு முன்னால் உட்காரவைத்து மணல் திடலின் படத்தைக் காட்டினேன். செயற்கைக்கோள் படத்தில் நிலம் சின்னச் சின்னச் சதுரங்களாகத்தான் தெரியும். ஒரு சதுரம் என்பது தரையில் முப்பது மீட்டருக்கு முப்பது மீட்டர். அண்ணன் மூக்குக்கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு தேடினார்.

"இதுல நான் எங்க மேடம் கீறேன்?"

"நீங்க தெரிய மாட்டீங்க அண்ணே. அவ்வளவு பெரிய கட்டத்துல ஒரு ஆள் கணக்குலயே வராது."

"அப்போ என் சட்டையும் தெரியாது?"

"மேலருந்து தெரியாது. ஆனா நம்ம கீழ்முட்டைக்குத் தெரியுமே, அதுக்குத்தான் கருப்பு."

அவர் திரையிலிருந்து என் பக்கம் திரும்பினார். "கை ரெண்டு மீட்டர் நீட்டிக்கினு கீது. நான் பின்னால குந்திகினு கீறேன். அவ்ளோ தூரம் என் சட்ட வெளிச்சம் போவுமா மேடம்? ஒருநா வெள்ள போட்டு அளந்து பாத்துடலாமா?"

அளக்கிற வேலையில் இருப்பவளிடம் அளந்து பார்க்கலாமா என்று கேட்டால் எப்படி மறுப்பது? தை மாசத்தில் ஒரு தெளிந்த நாளில் நாங்கள் இருவரும் மணல் திடலுக்குப் போனோம். கருப்புச் சட்டையில் ஒரு அளவு, வெள்ளைச் சட்டையில் ஒரு அளவு, திரும்பக் கருப்பு, திரும்ப வெள்ளை. கடற்கரையில் நின்றுகொண்டு பத்துமுறை சட்டை மாற்றினார். வலை உலர்த்திக்கொண்டிருந்த இருவர் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். "இன்னா அண்ணாத்த, சினிமா ஷூட்டிங்கா?" என்று ஒருவர் கத்தினார். வெள்ளைச் சட்டை போட்டபோது, "ஜில்லுனு கீது மேடம்" என்றார் அண்ணன். அது தை மாசம். அப்போதே அவருக்கு வித்தியாசம் தெரிந்திருக்கிறது.

கருவிக்குத் தெரியவில்லை. இரண்டு சட்டைக்கும் இடையில் வந்த வித்தியாசம், கருவி தானாகவே முன்பின்னாக ஆடும் அளவுக்குள்தான் இருந்தது. அதாவது வித்தியாசமே இல்லை. அண்ணன் சொன்னது சரி. அந்தப் பக்கத்தில் சட்டை என்ற கட்டத்தில், 'கருப்பு 5, வெள்ளை 5' என்று எழுதிக் கீழே ஒரு கோடு போட்டு நீட்டினார். நான் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

அன்றைக்கே விதியை மாற்றியிருக்கலாம். ஒரு வரி. பேனா என் கையில்தான் இருந்தது. மாற்றவில்லை. அப்போது எங்கள் ஆய்வுக் கட்டுரை ஒன்று பரிசீலனையில் இருந்தது. அதில் 'அளப்பவர் கருநிற உடை அணிந்திருந்தார்' என்று ஒரு வாக்கியம் இருந்தது. அத்தனை வருஷ அளவுகளும் ஒரே முறையில் எடுத்தவை என்பதுதான் அதன் பலம். நடுவில் சட்டை மாறினால் யாராவது ஒரு கேள்வி கேட்பார்கள், பதில் எழுத வேண்டிவரும் என்று நினைத்தேன். நினைத்ததெல்லாம் இவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் எதுவும் என்னிடம் இருக்கவில்லை.

"இந்தக் கட்டுரை வந்துடட்டும் அண்ணே. அடுத்த வருஷம் மாத்திடலாம்" என்றேன்.

"சரி மேடம். ரூலுன்னா ரூலு" என்றார். முகத்தில் வருத்தம் எதுவும் காட்டவில்லை. கட்டுரை வந்தது. அடுத்த வருஷமும் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. அவர் மறுபடி கேட்கவில்லை. நான் மறந்துவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். மறக்கவில்லை, தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

நான் தென்காசிக்காரி. ஒருமுறை கோடையில் அவரை வழக்கத்தைவிட ஒருநாள் கூடுதலாக அனுப்பியபோது, "உங்களது சாரல் அடிக்கிற ஊரு மேடம். உங்களுக்கு வெயிலுன்னா பேப்பர்ல கீற நம்பரு" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். கேலிதான். இப்போது அதை நினைக்காத நாள் இல்லை.

அந்தக் கடைசி நாளுக்கு வருகிறேன். இந்த வருஷம் மணல் திடலுக்கு நல்ல படங்கள் கிடைக்கவில்லை. அதற்கு முந்தின மாசமெல்லாம் செயற்கைக்கோள் வந்த நாட்களில் மேகம். அதனால் வைகாசி வெயில் என்று தெரிந்தும் அவரை அனுப்பினேன். காலை எட்டு மணிக்கு அழைப்பு வந்தது.

"வானம் சுத்தமா கீது மேடம். ஒரு பொட்டு மேகம் இல்ல. காத்துதான் இல்ல. ஒரு எல கூட ஆடல."

காற்று இல்லை என்று கேட்டதும் என் மனசில் என்ன ஓடியது என்று மறைக்காமல் சொல்கிறேன். மணல் பறக்காது, முட்டையில் தூசி படியாது, அளவு சுத்தமாக வரும். இதுதான் ஓடியது. வைகாசியில் கடற்காற்று இல்லாத மணலில் ஒரு மனிதர் கருப்புச் சட்டையில் இரண்டு மணிநேரம் நிற்கப் போகிறார் என்பது ஓடவில்லை.

"ரொம்ப நல்ல நாள் அண்ணே" என்றேன். அவரிடம் நான் பேசிய கடைசி வார்த்தை அதுதான்.

அன்றைய படம் ஒரு வாரத்தில் வந்தது. இந்த வருஷத்திலேயே மிகத் தெளிவான படம். பக்கத்து மேசைக்காரர் ஒருவர், அது எந்த நாளின் படம் என்று தெரியாமல், "சூப்பர் டேட்டா மேடம்" என்றார். மணல் திடலின் கட்டத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். செயற்கைக்கோள் போன நேரத்தில் அவர் அந்தக் கட்டத்துக்குள்தான் எங்கோ இருந்தார். அவர் அப்போது நின்றுகொண்டிருந்தாரா, விழுந்துவிட்டாரா என்று எனக்குத் தெரியாது. வெளுத்த மணலில் கருப்புச் சட்டையோடு ஒரு மனிதர். கட்டத்தின் எண்ணை முந்தைய வருஷங்களோடு ஒப்பிட்டேன். ஒரு மாற்றமும் இல்லை. நான் அவரிடம் சொன்னதுபோலவே, ஒரு ஆள் கணக்கில் வரவில்லை.

பிறகு விசாரணை அறிக்கை வந்தது. மூன்று பக்கம். வேலை நேரத்தில் நடந்த இறப்பு என்பதால் காரணம் எழுத வேண்டும். இரண்டாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் இருந்தது: 'கடும் கோடையில் கருநிற முழுக்கை உடை அணிந்திருந்தது இறந்தவரின் கவனக்குறைவைக் காட்டுகிறது.' எழுதியவர்கள் எங்கள் கையேட்டைப் படிக்கவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அது என் கண்முன்னால் தட்டச்சாகி வந்து நின்றது. பிரிவின் பொறுப்பாளர் என்ற முறையில் கீழே 'பார்த்தேன்' என்று நான் கையெழுத்திட வேண்டும். இந்த வாக்கியம் தப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். அப்படியென்றால் விதி யாருடையது என்று அடுத்த கேள்வி வரும். வாயை மூடிக்கொண்டேன். கையெழுத்துப் போட்டேன். இதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்திருந்தார்கள். எனக்கும் சொல்லியிருந்தார்கள். எல்லாரும் கலைந்த பிறகு சுகிர்தா என்னை உட்காரச் சொன்னார். ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்த அண்ணனின் பையைக் கொண்டுவந்தார். அதிலிருந்த வெள்ளைச் சட்டையைத்தான் அடக்கத்துக்கு அவருக்குப் போட்டார்கள். மீதி இருந்தது தண்ணீர் பாட்டில், துடைக்கும் துணி, நோட்டு. நோட்டைத் திறந்து கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தார்.

"மேடம், நீங்க படிச்சவங்க, கேக்குறேன். ஆபீஸ்லருந்து காயிதம் வந்திச்சி. கருப்புச் சட்ட போட்டுகினது இவரு தப்புன்னு போட்டுக்கீது. எனக்கு ஒண்ணும் புரியல. இவருக்கு கருப்பே புடிக்காது. எங்க கல்யாணத்துக்கு இவருக்கு கருப்புக் கோட்டு தச்சதுக்கே எங்க அப்பாகிட்ட மூணு நா பேசல. அப்பறம் இன்னாத்துக்கு அத்த போடணும்? இதுல சட்டைன்னு போட்டு 'ரூல்படி'ன்னு எய்திக்கீறாரு. ரூல்படின்னா இன்னா மேடம்? யாரு ரூலு?"

அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். தேதி, இடம். வானம்: சுத்தம். காற்று: இல்லை. சட்டை: ரூல்படி. கீழே ஒன்பது அளவுகளுக்கான ஒன்பது வரிகள். ஆறு வரி நிரம்பியிருந்தது. ஆறாவது வரியில் எழுத்து கோட்டை விட்டு இறங்கியிருந்தது. அப்படி எழுதுகிறவர் இல்லை அவர்.

"என் ரூல்மா" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கீழ்முட்டை, தை மாசச் சோதனை, பத்துமுறை மாற்றிய சட்டை, அடுத்த வருஷம் என்று நான் சொன்னது, அறிக்கையில் நான் போட்ட கையெழுத்து. நோட்டைப் பின்னால் புரட்டி, 'கருப்பு 5, வெள்ளை 5' என்றிருந்த பக்கத்தை எடுத்து என் கையெழுத்தையும் காட்டினேன். அழுகை வந்தது. அங்கே அழ எனக்கு என்ன பாத்தியதை இருக்கிறது என்று அடக்கிக்கொண்டேன்.

சுகிர்தா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தப் பழைய பக்கத்தை ரொம்பநேரம் பார்த்துவிட்டு, "அப்போ வெள்ள போட்டாலும் கணக்கு சரியாதான் வந்துக்கீது" என்றார்.

"ஆமாம்மா."

"அது உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்."

"ஆமா."

எழுந்து உள்ளே போனார். துணிக்கடைப் பை ஒன்றோடு திரும்பி வந்தார். உள்ளே அந்தச் சட்டை இருந்தது. ஆஸ்பத்திரியில் அவசரத்தில் முன்பக்கத்தை மேலிருந்து கீழ்வரை கத்தரித்திருந்தார்கள்.

"இது உங்க ஆபீஸ் சட்ட. வூட்ல வெச்சிக்க முடியல மேடம். குப்பைல போடவும் மனசு வரல. நீங்களே எட்துனு போயிடுங்க."

வாங்கிக்கொண்டேன். நோட்டைத் தருவீர்களா என்று கேட்டேன். அதைத் தரவில்லை. வேண்டிய பக்கங்களைப் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அது சரிதான். இனி எங்கள் அலுவலகத்தை நம்பி அவர் எதையும் கொடுக்கக் கூடாது.

அந்த இரண்டு பக்கங்களையும் இணைத்து, கையேட்டின் நகலையும் வைத்து, நான் போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று கடிதம் கொடுத்திருக்கிறேன். கருப்புச் சட்டை அவருடைய கவனக்குறைவு அல்ல, நான் எழுதிய விதி, தேவையில்லை என்று தெரிந்தபிறகும் நான் மாற்றாத விதி என்று எழுதியிருக்கிறேன். சட்டைதான் அவரைக் கொன்றது என்று அறுதியிட்டுச் சொல்ல என்னிடம் அளவு எதுவும் இல்லை. ஆனால் கருப்பு எவ்வளவு வெயிலை விழுங்கும் என்று அளந்துதான் நான் சம்பளம் வாங்குகிறேன். கடிதத்துக்கு இதுவரை பதில் இல்லை. கையேட்டில் அந்த வரியை அடித்துவிட்டேன். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். இருந்தாலும் அடித்துவிட்டேன்.

எபினேசர் அண்ணனை அறிந்தவர்களே, யாராவது உங்களிடம் அவர் வெயிலில் கவனமில்லாமல் போனார் என்று சொன்னால், இதைக் காட்டுங்கள். நாரை எச்சத்தைக்கூட நோட்டில் எழுதிவைத்தவர் அவர்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்தச் சட்டை ஒன்றுதான். என் மேசையின் கீழ் இழுப்பறையில், மடித்து, அதே துணிக்கடைப் பையில் வைத்திருக்கிறேன். துவைக்கவில்லை. எட்டு மணிக்கு யாராவது போன் செய்து வானம் சுத்தமாக இருக்கிறது என்று சொன்னால், பதில் சொல்வதற்கு முன் அந்த இழுப்பறையைத் திறந்து பார்க்கிறேன். பிறகு, காற்று இருக்கிறதா என்று கேட்கிறேன்.